கடக்

பழங்காநத்தம் ரவுண்டானாவில் இடப்பக்கம் ஒடித்தால்
கடக்.
வலப்பக்கம் ஒடித்தால் ஒன்றுமில்லை.
மூன்று வாரமாக
இடப்பக்கத்து நோயாளிகளையெல்லாம்
வலப்பக்கமாகச் சுற்றிப்போய்ப் பார்த்தேன்.

பைபாஸ் ரோட்டுக் கம்பெனி சர்வீஸில்
ஏசி, சோபா, பொத்தானை அழுத்தினால் காபி.
கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
என் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்
நான்கு காலும் அந்தரத்தில் தொங்க.
சர்வீஸ் அட்வைசர் லோகேஸ்வரி
டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்:
முன்பக்க சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும், முழு செட்.
அலைன்மென்ட், பேலன்சிங்,
ஏசிக்குள் அடிக்க ஒரு கிருமிநாசினி.
இருபத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.
சத்தம் எங்கேயிருந்து வருது என்றேன்.
"செட்டா மாத்திட்டா வராது மேடம்."

அவள்மேல் எனக்குக் கோபமில்லை.
கழுத்தைத் திருப்பிய விதத்திலேயே
அந்த வலது தோள் தூங்கவிடுவதில்லை என்று தெரிந்தது.
வண்டிக்கு அடியில் நிற்பவன் பெயர்
அவளுக்கும் தெரியாது.
பார்த்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.
காபி நன்றாகத்தான் இருந்தது.

ஒச்சப்பன் பட்டறையில் சோபா இல்லை.
கழற்றிப் போட்ட ஏதோ ஒரு ஆம்னியின் பின்சீட்,
அதில் ஒரு பூனை.
என்னைப் பக்கத்து சீட்டுக்கு அனுப்பிவிட்டு
அவனே ஓட்டினான்.
பாட்டை நிறுத்தினான். கண்ணாடிகளை இறக்கினான்.
டி.வி.எஸ். நகர் வேகத்தடைகளில் ஏறும்போது
மூச்சைப் பிடித்துக்கொண்டான்.
முப்பது வயதிருக்காது.
திரும்பி வந்து, ஜாக்கி போட்டு,
கம்பியை விட்டு நெம்பி,
"இந்தா, இதுல கைய வச்சுப் பாருங்க" என்றான்.

வைத்தேன்.
குழிக்குள் பந்து ஆடியது.

பந்தும் குழியும்தான் என் பிழைப்பு.
தோள், இடுப்பு, வீடு வீடாகப் போய்
எத்தனை பேரை இப்படித் தொட்டிருப்பேன்.
ஒரு வண்டியைத் தொட்டதில்லை.

பால் ஜாயிண்ட், ஆயிரத்து நூறு. கூலி நானூறு.
பில் கேட்டதற்கு
பொருள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
அதன் பின்பக்கம் எழுதித் தந்தான்.
சீல் இல்லை, வாரண்டி இல்லை.
நாளைக்கு இவன் உசிலம்பட்டிப் பக்கம்
எவனுக்கோ மொய் செய்யப் போய்விட்டால்
நடுரோட்டில் நின்றுகொண்டு யாரைக் கூப்பிடுவேன்?
அதையும் நினைத்தேன். நினைக்காமல் இல்லை.

சரி, அந்தச் சிவப்பு லைட்டு? என்று கேட்டேன்.
எட்டிப் பார்த்தான்.
கையைத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்த கையை.
"அது ஏர்பேக். நான் தொடமாட்டேன்.
கம்பெனிக்கே போங்க.
நமக்குத் தெரியாததுல கைய வச்சா
உங்க மூஞ்சியிலதான் வெடிக்கும்."

மேலூர் ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில்
சாந்தா பாய்க்கு இரண்டு முட்டியும் மாற்றச் சொன்னார்கள்.
பேக்கேஜ், தள்ளுபடி, தனி அறை.
எதுக்கு மாத்தணும், மூணு மாசம் பயிற்சி செய்யுங்க,
நான் பார்த்துக்கிறேன் என்றவள் நான்.
இடது முட்டி கேட்டது.
இது ஏழாவது மாதம்.
வாரம் இரண்டு முறை, முறைக்கு முந்நூற்றைம்பது,
மறக்காமல் புது நோட்டாக எடுத்து வைப்பார்.
வலது முட்டியை மடக்கும்போதெல்லாம்
என் உள்ளங்கைக்குள்
கடக்.
தை மாதத்திலிருந்தே கேட்கிறது.
பாட்டை நிறுத்தவில்லை நான்.

மகால் ஐந்தாம் தெருவுக்கு
இடப்பக்கம் ஒடித்தேன்.
சத்தமில்லை.
மீட்டரில் அந்தச் சிவப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, வண்டி சரியாயிடுச்சா?"
சாந்தா பாய்தான், கதவைப் பிடித்தபடி,
எடை முழுவதையும் இடது காலில் போட்டு.

"பாதி" என்றேன்.
"உக்காருங்க. இன்னைக்கு எக்சர்சைஸ் வேணாம்."